அந்தப் பெண் ஏறியது கமி-ஷிராதாகியில் இல்லை!

தண்டவாளம்:
காலையில் எழுந்ததும் குடும்பக் குழுவில் மறுபடியும் அதே செய்தி. ஹொக்கைடோவில் கமி-ஷிராதாகி என்று ஓர் ஒதுக்குப்புற ரயில் நிலையம். அங்கே ஏறுவது ஒரே ஒரு பள்ளி மாணவி. மூட இருந்த நிலையத்தை அவளுக்காகவே மூன்று வருடம் மூடாமல் வைத்திருந்தார்கள். ஒரு நாளைக்கு இரண்டே முறை, அவளுடைய பள்ளி நேரத்துக்கு ஏற்றபடி ரயில் வந்து நிற்கும். அவள் படிப்பு முடிந்ததும் நிலையத்தை மூடிவிட்டார்கள். கூடவே பனிக்குள் நிற்கும் ஒற்றைப் பெட்டி ரயிலின் படம். நேற்று நம் தளத்திலேயே மழைக்குருவி அதை அப்படியே எடுத்துப் போட்டு, 'கண் கலங்கிவிட்டது' என்று எழுதியிருக்கிறார். எத்தனை பேர் விரும்பியிருக்கிறார்கள் என்று பார்த்தேன், எனக்கும் கண் கலங்கிவிட்டது.

2016 ஜனவரியில் சீன அரசுத் தொலைக்காட்சியின் முகநூல் பக்கத்திலிருந்து உலகம் முழுக்கப் பரவிய கதை இது. அந்தப் பெண் ஏறியது கமி-ஷிராதாகியில் இல்லை, கியூ-ஷிராதாகியில். கமி என்றால் மேல், கியூ என்றால் பழைய. இரண்டுக்கும் நடுவில் ஷிராதாகி என்றே ஒரு முழு நிலையம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு வண்டி அந்தப் பக்கம், ஒரு வண்டி இந்தப் பக்கம் என்பது கமி-ஷிராதாகியின் அட்டவணை: காலை 7:04, மாலை 17:08. கியூ-ஷிராதாகியிலோ காலையில் பள்ளி இருக்கும் எங்காரு என்ற ஊருக்குப் போக 7:15க்கு ஒன்று, மாலையில் திரும்பி வர மூன்று. ஒரு நிலையத்தின் பெயரையும் அட்டவணையையும் எடுத்து, இன்னொரு நிலையத்தின் பயணியோடு ஒட்டிவிட்டார்கள். ஒட்டியதைப் பார்த்து உலகமே அழுகிறது.

மழைக்குருவி:
தண்டவாளம் சார், என் பெயரைப் போட்டே எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்கிறேன். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளியில் பாடம் நடத்துகிறேன். பேருந்து நேரம் மாறியதால் படிப்பை நிறுத்திய பெண் குழந்தைகளை என் வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். ஒரு பெண் ஒரு நிலையத்தில் ஏறினாள். அவள் பள்ளி முடிக்கும் வரை அங்கே ரயில் நின்றது. இது நடந்ததா, இல்லையா? மேலா, பழையதா என்பது எனக்கு முக்கியமில்லை.

தண்டவாளம்:
எனக்கு முக்கியம். ஊர் பெயரே தப்பாக இருக்கும் செய்தியில் மற்றதெல்லாம் சரியாக இருக்கும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

சரி, நடந்ததைச் சொல்கிறேன். அந்த வண்டி அவளுக்காகப் புறப்பட்ட வண்டி இல்லை. 7:04க்குக் கமி-ஷிராதாகியைத் தாண்டி, ஷிராதாகியில் நின்று, 7:15க்குக் கியூ-ஷிராதாகிக்கு வந்து, அப்புறம் ஷிமோ-ஷிராதாகி, மாருசெப்பு என்று எங்காரு வரை போகும் வண்டி அது. வழியில் வேறு மாணவர்களும் அதில் வந்தார்கள். எங்காருவில்தான் உயர்நிலைப்பள்ளி. அந்தப் பெண் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வண்டி அந்தத் தண்டவாளத்தில் போகத்தான் போகிறது. நடுவில் ஒரு நிமிடம்கூட ஆகாத நிறுத்தம், அவ்வளவுதான்.

மழைக்குருவி:
அந்த 'அவ்வளவுதான்' இல்லாமல் எத்தனை குழந்தைகள் வீட்டில் உட்கார்ந்துவிட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியாது சார். நின்றதா இல்லையா என்றுதான் கேட்டேன். நின்றது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். நன்றி.

தண்டவாளம்:
நான் சொன்னது கியூ-ஷிராதாகியில் நின்றது என்று. நீங்கள் போட்டது கமி-ஷிராதாகி. இரண்டும் ஒன்றாகாது.

ஓய்வு கார்டு:
முப்பத்தாறு வருடம் வண்டியில் கொடி காட்டியவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. 'ஒரு நிமிடம்கூட ஆகாத நிறுத்தம்' என்று தம்பி சுலபமாகச் சொல்கிறார். பனிக்காலத்தில் அந்த நடைமேடையைச் சுரண்டி வைக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும், பலகை தெரிய வேண்டும். ஏறுகிறவர் ஒருவரா நூறு பேரா என்று பனி பார்ப்பதில்லை. சிறிய நிலையத்தை மூடுவதே இந்தச் செலவுக்காகத்தான், வண்டி நிற்கும் நேரத்துக்காக இல்லை.

அப்புறம், கியூ-ஷிராதாகி 1947ல் தொடங்கிய நிலையம் என்று தம்பி வேறொரு திரியில் எழுதியதைப் படித்தேன். அது தவறு. 1947ல் வந்தது வெறும் தற்காலிக ஏறி இறங்குமிடம். நிலையம் என்ற தகுதி 1987 ஏப்ரல் 1ஆம் தேதிதான் கிடைத்தது. அதற்கு முன்னால் அது நிலையமே இல்லை.

தண்டவாளம்:
கார்டு ஐயா, மரியாதையோடு மறுக்கிறேன். 1947ல் அங்கே வண்டி நின்றது, ஜனங்கள் ஏறினார்கள், இறங்கினார்கள். நாற்பது வருடம் ஒரே இடத்தில் வண்டி நின்றால் அது நிலையம்தான். ஹொக்கைடோவில் இப்படி ஏகப்பட்ட இடங்கள் இருந்தன. டோக்கியோத் தலைமையகத்தைக் கேட்காமல், வட்டார ரயில்வே நிர்வாகமே அங்கங்கே ஊர்க்காரர்களுக்காக ஏற்படுத்திக்கொண்டவை. பல இடங்களின் பெயர் தேசியக் கால அட்டவணையிலேயே இருக்காது. பயணச்சீட்டைக்கூட அடுத்த முழு நிலையத்துக்குக் கணக்கிட்டுத்தான் கொடுப்பார்கள். ஜப்பான் தேசிய ரயில்வே உடைந்து ஜே.ஆர். நிறுவனங்கள் பிறந்த அதே நாளில், ஒரே கையெழுத்தில் இவை எல்லாம் நிலையம் ஆயின. கையெழுத்துக்கு முதல் நாளும் மறுநாளும் அங்கே நின்றது அதே நடைமேடை, அதே மரக் கொட்டகை.

ஓய்வு கார்டு:
அதைத்தான் நானும் சொல்கிறேன். கையெழுத்துக்கு முன்னால் அது நிலையம் இல்லை. நம் பக்கத்திலும் ஹால்ட் உண்டு. கமிஷனுக்குச் சீட்டு விற்கும் ஊர்க்காரர் ஒருவர் இருப்பார். அதை யாராவது ஜங்ஷன் என்று சொன்னால் கார்டு வேனுக்குள் சிரிப்போம்.

தண்டவாளம்:
ஜங்ஷன் என்று நான் எங்கே சொன்னேன்? நிலையம் என்றேன்.

நற்றமிழ் நாடன்:
எல்லோருக்கும் வணக்கம். திரியைத் தொடங்கியவர் 'ஷிராதாகி', 'ஹொக்கைடோ' என்று எழுதியிருப்பது கண்ணை உறுத்துகிறது. சிராத்தாகி, ஒக்கைடோ என்று தமிழ் எழுத்திலேயே எழுதலாமே? போன மாதம் புல்லட் ரயில் திரியிலும் இதையே சொன்னேன். 'ஷின்கான்சென்' என்று எழுதி அடம்பிடித்தீர்கள்.

தண்டவாளம்:
வந்துவிட்டீர்களா! அங்கேயே பதில் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன். ஜப்பானிய மொழியில் ஷி ஓர் எழுத்து, ச்சி இன்னொரு எழுத்து. இரண்டையும் ஒரே சி போட்டு எழுதினால் எது எந்த ஊர் என்றே தெரியாமல் போகும். இந்தத் திரியே ஒரு நிலையத்தின் பெயரை இன்னொன்றுக்குப் போட்டதால் வந்த சண்டை. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள் என்று நான் தொண்டை வற்றக் கத்திக்கொண்டிருக்கும் இடத்தில் வந்து பெயரை மாற்றச் சொல்கிறீர்கள்.

நற்றமிழ் நாடன்:
இராமனையும் இலக்குமணனையும் தமிழ் ஒலிக்கு மாற்றி எழுதியபோது யாருக்கும் யார் யார் என்று குழப்பம் வரவில்லை. உங்களுக்கு ஒரு மலைக்கிராமத்து நிலையத்தில் குழப்பம் வருகிறதாம்.

மழைக்குருவி:
இரண்டு பேரும் எழுத்துச் சண்டையை வேறு திரியில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் சார், நான் கேட்டதற்கு நேராகப் பதில் வரவில்லை. நிலையம் மூடியது 2016 மார்ச். அவள் படிப்பு முடிந்தது 2016 மார்ச். மூட வேண்டும் என்றால் ஒரு வருடம் முன்னாலேயே மூடியிருக்கலாம். ஏன் மூடவில்லை?

தண்டவாளம்:
நேராகவே சொல்கிறேன். ஜப்பானில் பள்ளி ஆண்டு மார்ச்சில் முடிந்து ஏப்ரலில் தொடங்கும். ஜே.ஆரின் பெரிய கால அட்டவணை மாற்றமும் வருடா வருடம் மார்ச்சில்தான். நிலையத்தை மூடுவது, வண்டியைக் குறைப்பது, புதுப் பாதை திறப்பது எல்லாம் அந்த ஒரு நாளில். எனவே எந்தச் சிறிய நிலையம் எந்த வருடம் மூடினாலும், அந்த மாதம் பள்ளி முடிக்கும் பிள்ளை ஒன்று பக்கத்தில் எங்காவது இருக்கும்.

2016 மார்ச் 26 அன்று ஹொக்கைடோவில் மூடியது ஒரு நிலையம் இல்லை அம்மா. எட்டு நிலையங்கள்! கமி-ஷிராதாகி, கியூ-ஷிராதாகி, ஷிமோ-ஷிராதாகி, அதே பாதையில் கிழக்கே கனெஹனா. வேறு பாதைகளில் வாஷினோசு, ஹிகாஷி-ஒஇவாகே, தோமிசாதோ, நெமுரோ பக்கம் ஹனசாகி. அதே நாள்தான் ஹொக்கைடோவுக்கு முதன்முதலாக ஷின்கான்சென் வந்தது. ஷின்-ஹாகோதாதே-ஹொகுதோவில் வாத்தியம் வாசித்துக் கொண்டாடினார்கள். ஒரு பக்கம் கடலுக்கு அடியில் புல்லட் ரயில், இன்னொரு பக்கம் எட்டு மரக் கொட்டகைகளுக்குப் பூட்டு. எட்டுக்கும் எட்டு மாணவிகள் இருந்தார்களா? ஷிமோ-ஷிராதாகிக்கு யார் அழுதார்கள்? அதன் பெயராவது அந்தச் செய்தியில் வந்ததா?

இன்னொன்று. மூன்று வருடம் முன்பே மூட முடிவெடுத்து அவளைப் பார்த்து நிறுத்தி வைத்தார்கள் என்கிறது செய்தி. மூடும் பேச்சு வெளியே வந்ததே 2015 கோடையில்தான்.

மழைக்குருவி:
எட்டு நிலையங்கள் மூடின என்றால், அந்த எட்டில் ஒன்றில் ஒரு குழந்தை கடைசி நாள் வரை ஏறியது என்பது பொய்யாகிவிடுமா? அவள் ஏறினாள். வண்டி நின்றது. படிப்பு முடிந்தது. இந்த மூன்றில் எது பொய் என்று சொல்லுங்கள்.

தண்டவாளம்:
'அவளுக்காக' என்ற சொல் பொய். 'கமி' என்ற சொல் பொய்.

டோஜோ தம்பி:
அண்ணா, நான் அய்கிடோ கற்றுக்கொள்கிறவன். ஷிராதாகி என்றதும் உள்ளே வந்தேன். எங்கள் கலையைத் தொடங்கிய உயெஷிபா மொரிஹேய் ஏற்படுத்திய ஊர் அது! வாகயாமா மாநிலத்துத் தனாபேயிலிருந்து ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு 1912ல் அங்கே போய்க் காட்டை வெட்டிக் குடியேறினார். அந்த நிலையத்தைக் கொண்டுவந்ததே அவர்தான் என்று எங்கள் வகுப்பில் சொல்வார்கள். ஒரு மாணவி கதையை வைத்து இவ்வளவு சண்டை போடும் நீங்கள் அவர் பெயரை ஒரு வரிகூட எழுதவில்லையே.

தண்டவாளம்:
தம்பி, உயெஷிபா 1912ல் போனது சரி. 1915ல் எங்காருவில் ஒரு விடுதியில் தக்கேதா சோகாகுவைச் சந்தித்து தைதோ-ர்யு என்ற தற்காப்புக் கலையைக் கற்றதும் சரி. உங்கள் கலைக்கு அந்தச் சந்திப்புதான் வேர். ஆனால் அவர் 1919 கடைசியில், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்து, ஷிராதாகியை விட்டே போய்விட்டார். ஷிராதாகிக்கு ரயில் வந்தது 1929 ஆகஸ்டில், எங்காரு பக்கமிருந்து. மலையைத் தாண்டி கமிகாவா பக்கத்தோடு பாதை சேர்ந்தது 1932 அக்டோபர் 1ஆம் தேதி. கமி-ஷிராதாகி திறந்ததும் அன்றுதான். போய்ப் பத்து வருடம் கழித்து வந்த ரயிலை அவர் எப்படிக் கொண்டுவந்தார்? வகுப்பில் சொன்னதை வகுப்பிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

டோஜோ தம்பி:
ஆசிரியர் சொன்னதை இப்படிப் பேச வேண்டாம் அண்ணா. அவர் இல்லாவிட்டால் ஊரே இல்லை. ஊர் இல்லாவிட்டால் நிலையம் எங்கிருந்து வரும்? அந்தக் கணக்கில் அவர்தான் கொண்டுவந்தார்.

தண்டவாளம்:
அந்தக் கணக்கில் போனால் பனியுகத்து மனிதன்தான் கொண்டுவந்தான். ஷிராதாகியின் எரிமலைக் கண்ணாடிக் கல்லைத் தேடி இருபதாயிரம் வருடங்களுக்கு முன்பே ஆட்கள் வந்திருக்கிறார்கள். அங்கே தோண்டி எடுத்த 1,965 பழைய கற்காலப் பொருள்களை 2023ல் ஜப்பான் தேசியப் பொக்கிஷமாக அறிவித்தது. அவர்களுக்கும் ஒரு நிலையம் எழுதி வைக்கலாமா?

புதியவன்:
ஷிராதாகி என்பது ஒரு நூடுல்ஸ் பெயர் இல்லையா? அதைத் தயாரிக்கும் ஊரா இது?

தண்டவாளம்:
இல்லை. ஷிராதாகி என்றால் வெள்ளை அருவி. கிழங்கிலிருந்து செய்யும் அந்த நூடுல்ஸ் அருவி மாதிரி வெள்ளையாகத் தொங்குவதால் அதற்கு அந்தப் பெயர். ஊருக்குப் பெயர் வந்தது யூபெத்சு ஆற்றில் இருக்கும் அருவியால். தயவுசெய்து திரியைச் சமையலறைக்கு இழுக்காதீர்கள்.

கீழைக்காற்று:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் மாணவியின் கண்ணீர், இன்னொரு பக்கம் கால அட்டவணை. அந்தப் பாதையைப் போட்டவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. இதே செகிஹொகு பாதையில் ஜோமோன் சுரங்கம் என்று ஒன்று இருக்கிறது. வெறும் 507 மீட்டர். 1912ல் தொடங்கி 1914ல் முடித்தார்கள். தாகோ என்று அழைக்கப்பட்ட கூலிகளை அடைத்து வைத்து, அடித்து வேலை வாங்கினார்கள். தாகோ என்றால் ஆக்டோபஸ். பொறிப்பானைக்குள் புகுந்த ஆக்டோபஸ் வெளியே வர முடியாது என்பதால் அந்தப் பெயர் என்பார்கள். செத்தவர்களைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டார்கள் என்று ஊரில் பல காலமாகப் பேச்சு இருந்தது. நிலநடுக்கத்தில் சேதமான சுவரை 1970ல் பழுது பார்த்தபோது உள்ளே எலும்புகள் இருந்தன. பேச்சு பேச்சு இல்லை, உண்மை. 'மனிதநேய ரயில்' என்று பகிர்கிறவர்கள் இதையும் சேர்த்துப் பகிரட்டும்.

மழைக்குருவி:
படிக்கவே நெஞ்சு அடைக்கிறது. ஆனால் 1914ல் நடந்த கொடுமைக்கும் 2016ல் ஒரு குழந்தைக்கு வண்டி நின்றதற்கும் என்ன சம்பந்தம்? நல்லது ஒன்று நடந்தால் அதன் மேல் மண் போட ஏன் இத்தனை பேர் வருகிறீர்கள்?

தண்டவாளம்:
கீழைக்காற்று சொன்ன தகவலில் பிழை இல்லை. ஆனால் ஜோமோன் சுரங்கம் எங்காருவுக்கு அந்தப் பக்கம், இகுதாஹராவுக்கும் கனெஹனாவுக்கும் நடுவில் இருக்கிறது. ஷிராதாகி இந்தப் பக்கம். திரி கியூ-ஷிராதாகியைப் பற்றியது.

கீழைக்காற்று:
கனெஹனாவும் அதே நாள் மூடியது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். செத்த கூலிகளுக்கு நினைவுக்கல் நிற்பது கனெஹனாவில்தான். உங்கள் எட்டு நிலையக் கணக்கை நிரூபிக்க மட்டும் கனெஹனா வேண்டும், செத்தவர்களைப் பற்றிப் பேசும்போது அது 'அந்தப் பக்கம்' ஆகிவிடுமா?

தண்டவாளம்:
நான் அப்படிச் சொல்லவில்லை. வேண்டுமானால் தனித் திரி தொடங்குங்கள், முதல் ஆளாக வந்து எழுதுகிறேன். இங்கே என் கேள்வி ஒன்றே ஒன்று: எந்த நிலையம்?

ஏன் இதையே பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சிலருக்குத் தோன்றும். 2014 பிப்ரவரியில் அந்தப் பாதையில் போனேன். கமிகாவாவில் கிஹா 40 என்ற ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி. வண்டியில் என்னோடு நான்கு பேர். கமிகாவாவை விட்டதும் மலை ஏறத் தொடங்குகிறது. 634 மீட்டர் உயரத்தில் கமிகோஷி. ஒரு காலத்தில் அதுவும் நிலையம், 1975லிருந்து வண்டிகள் ஒதுங்கி வழிவிடும் சிக்னல் இடம் மட்டும். அப்புறம் 4,329 மீட்டர் நீளமுள்ள செகிஹொகு சுரங்கம். வெளியே வந்தால் ஒகு-ஷிராதாகி, அதுவும் 2001ல் போனது. 34 கிலோமீட்டர், ஒருவர் ஏறவில்லை, ஒருவர் இறங்கவில்லை, இரண்டு பக்கமும் பனியும் மரமும். முதலில் வண்டி நின்ற இடம் கமி-ஷிராதாகி. பழைய மரக் கட்டடம், அதன் கூரை மேல் ஆள் உயரத்துக்குப் பனி. யாரும் இல்லை. கதவு திறந்து மூடியது. எனக்கு அந்த நிமிடம் இன்னும் மறக்கவில்லை.

கியூ-ஷிராதாகி வேறு மாதிரி. வண்டி ஒன்று நிற்கும் அளவுக்கு நடைமேடை, ஒரு சின்னக் கொட்டகை. கமி-ஷிராதாகியைப் போலப் பெரிய ரயில்வே திட்டத்தில் பிறந்தது இல்லை அது, போர் முடிந்த இரண்டாவது வருடம், சனங்களுக்குத் தேவைப்பட்டதால் வந்தது. ஒன்று 1932, ஒன்று 1947. ஒன்று மலையைக் குடைந்து பாதை சேர்ந்த நாளின் நிலையம், ஒன்று வயல்காரர்களின் நிலையம். இரண்டையும் கலந்து, 'ஒரு பெண்ணின் நிலையம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டால், எண்பத்து நான்கு வருடம் கமி-ஷிராதாகியில் ஏறி இறங்கியவர்கள் எங்கே போனார்கள்? அங்கிருந்து மரம் போயிருக்கிறது, சர்க்கரைக் கிழங்கு போயிருக்கிறது, ஊரைவிட்டுப் போன குடும்பங்கள் கடைசி மூட்டையோடு அங்கே நின்றிருக்கின்றன.

ஒகு, கமி, ஷிராதாகி, கியூ, ஷிமோ. இந்த ஐந்தையும் ரயில் ரசிகர்கள் 'ஷிராதாகி வரிசை' என்பார்கள். இன்று மிச்சம் ஷிராதாகி ஒன்றே. கமிகாவாவை விட்டால் அடுத்த நிலையம் ஷிராதாகிதான், 37.3 கிலோமீட்டர். ஜப்பானில் ஷின்கான்சென் அல்லாத ஜே.ஆர். பாதைகளில் இரண்டு நிலையங்களுக்கு இடையே மிக நீண்ட இடைவெளி இது. அந்த 37.3ல் வரலாறு இருக்கிறது. யாராவது அதைப் பகிர்ந்தார்களா?

மழைக்குருவி:
சார், இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்த நீங்கள் முதலிலேயே இதை எழுதியிருந்தால் நானே பகிர்ந்திருப்பேன். என்னைக் கேலி செய்துதானே தொடங்கினீர்கள்? அப்புறம், அந்த மூட்டையோடு நின்ற குடும்பங்களுக்காக உங்கள் மனம் இளகலாம், பள்ளிப் பையோடு நின்ற பெண்ணுக்காக என் மனம் இளகக் கூடாதா?

தண்டவாளம்:
இளகட்டும். சரியான நிலையத்தில் நின்று இளகட்டும்.

ஓய்வு கார்டு:
தம்பி, நீளமாக எழுதியதில் மறுபடியும் 'ஒன்று 1947' என்று போட்டிருக்கிறீர்கள். 1987.

தண்டவாளம்:
ஐயா, 1947. பிறந்த வருடம் வேறு, பெயர் பதிந்த வருடம் வேறு.

ஓய்வு கார்டு:
ரயில்வேயில் பதிவுதான் பிறப்பு. பதியாத இடத்தில் வண்டியை நிறுத்தினால் டிரைவருக்கும் எனக்கும் சேர்த்து மெமோ வரும். நீங்கள் பயணியாக ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பார்த்தவர். நான் வண்டியை நடத்தியவன்.

தண்டவாளம்:
நீங்கள் நடத்தியது இங்கே, செகிஹொகு பாதையில் இல்லை. அந்த இடங்களும் பதியாத இடங்கள் இல்லை, வட்டார நிர்வாகம் முறையாக அறிவித்தவை. நான் அந்த 234 கிலோமீட்டரையும் ஷின்-அசாஹிகாவாவிலிருந்து அபாஷிரி வரை உட்கார்ந்து வந்தவன். எங்காருவில் வண்டி திசை மாறும், எல்லோரும் எழுந்து இருக்கையைத் திருப்பிப் போடுவார்கள். ஏன் தெரியுமா? நயோரோவிலிருந்து வந்த பழைய பாதை 1989ல் போய்விட்டது. அது இருந்தபோது எங்காரு மூன்று பக்கமும் பாதை போன சந்திப்பு. அசாஹிகாவா பாதையும் அபாஷிரி பாதையும் நிலையத்துக்குள் நுழைவது ஒரே பக்கத்தில், அதனால் நுழைந்த பக்கமாகவே திரும்பி வெளியேற வேண்டியிருக்கிறது. இதெல்லாம் தெரிந்துதான் எழுதுகிறேன்.

ஓய்வு கார்டு:
இருக்கை திருப்பியதற்கும் 1947க்கும் என்ன சம்பந்தம்?

நற்றமிழ் நாடன்:
'ஷின்-அசாஹிகாவா'வாம். புதிய அசாகிகாவா என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? ஷின் என்றால் புதிய என்று அவருக்கே தெரியும். 'பழைய சிராத்தாகி', 'மேல் சிராத்தாகி' என்று தமிழில் எழுதியிருந்தால் யாருக்கும் இரண்டும் ஒன்று என்று தோன்றியிருக்காது. குழப்பத்தை வளர்த்ததே கமி, கியூ என்று எழுதியதுதான்.

தண்டவாளம்:
சீனத் தொலைக்காட்சி செய்த தவறுக்கு என் எழுத்துதான் காரணமா? இதையும் என் தலையில் கட்டுங்கள்.

மழைக்குருவி:
ஒரே ஒரு கேள்வி, இதோடு நான் கேட்பதை நிறுத்திக்கொள்கிறேன். 2016 நவம்பரில் ஜே.ஆர். ஹொக்கைடோ 1,237 கிலோமீட்டர் பாதையைத் தன்னால் தனியாகத் தாங்க முடியாது என்று அறிவித்தது. செகிஹொகுவும் அதில் ஒன்று. பணமே இல்லாத நிறுவனம். அப்படிப்பட்டவர்கள் 2016 மார்ச் 25 கடைசி வண்டி வரை அந்தப் பெண்ணின் நிலையத்தில் நிறுத்தினார்களா, இல்லையா?

தண்டவாளம்:
எந்த நிலையத்தில்?

மழைக்குருவி:
அவள் ஏறிய நிலையத்தில்.

தண்டவாளம்:
பெயரைச் சொல்லுங்கள்.

மழைக்குருவி:
பெயரைச் சொன்னால் நான் போட்ட பதிவை நீங்கள் பொய் என்று சொன்னதைத் திரும்பப் பெறுவீர்களா?

தண்டவாளம்:
கமி என்று போட்டிருக்கும் வரை பொய்தான். பதிவைத் திருத்துங்கள், அப்புறம் பேசலாம்.

மழைக்குருவி:
திருத்த மாட்டேன். அந்தப் பதிவுக்குக் கீழே என் பழைய மாணவிகள் பதினேழு பேர் தங்கள் பேருந்துக் கதையை எழுதியிருக்கிறார்கள். அதைப் படித்துவிட்டு வாருங்கள் சார்.

டோஜோ தம்பி:
அண்ணா, எங்கள் ஆசிரியரிடம் கேட்டேன். உயெஷிபா 1918ல் அந்தப் பகுதிக் கிராம சபைக்கு உறுப்பினராக இருந்தவர், அதனால் ரயிலுக்கும் அவர்தான் முதலில் குரல் கொடுத்திருப்பார் என்கிறார்.

தண்டவாளம்:
'இருப்பார்' என்றா சொன்னார், 'இருந்தார்' என்றா சொன்னார்? நன்றாகக் கேட்டுக்கொண்டு வாருங்கள் தம்பி. கார்டு ஐயா, 1947. மழைக்குருவி அம்மா, பதினேழு பேர் எழுதியதையும் படித்தேன். அதில் நான்கு பேர் 'கமி-ஷிராதாகி போய்ப் பார்க்க வேண்டும்' என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே போய்ப் பார்ப்பார்கள்?